முதல்ல சுவரைக் கட்டுங்க, கோச்!

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பதினொரு பேர் களத்தில் நிற்பார்கள். அதில் ஐந்து பேருடைய பெயர் சாதாரண ரசிகருக்குத் தெரியாது. தெரிய ஆரம்பித்துவிட்டது என்றால் அந்த அணியில் ஏதோ விபரீதம் நடக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஐவரைத்தான் அஃபென்சிவ் லைன் என்கிறார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டுகள், இரண்டு ஓரத்திலும் டேக்கிள்கள். ஒவ்வொருவரும் நூற்று நாற்பது கிலோவை ஒட்டிய ஆட்கள். பந்தை எறிய மாட்டார்கள். எறிந்த பந்தைப் பிடிக்கப் பொதுவாக விதியும் இடம் கொடுக்காது. வேலை ஒன்றே ஒன்றுதான். பின்னால் பந்தோடு நிற்கும் குவாட்டர்பேக்கைச் சாய்க்க எதிரணி ஓடிவரும். அவர்களை இரண்டரை, மூன்று விநாடி மறித்து நிற்க வேண்டும். மறித்துவிட்டால் கேமரா பந்துக்குப் பின்னால் போய்விடும். மறிக்கத் தவறினால் மட்டும் அந்த மனிதரின் முகம் ஸ்லோ மோஷனில் நாலு தடவை வரும். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால்தான் சமையல்காரர் யார் என்று விசாரிப்பார்கள் இல்லையா, அதே கதை.

சின்சினாட்டி பெங்கால்ஸ் ரசிகர்களிடம் போய்க் கேளுங்கள். 2020இல் இடது கார்டு யார், 2021இல் வலது கார்டு யார், சூப்பர் பவுலில் வலது டேக்கிளாக நின்றது யார், எல்லாம் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். ஒரு ரசிகர் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கவே கூடாத பெயர்கள் இவை. அத்தனையும் மனப்பாடமாகிவிட்டது என்பதே அந்த அணியின் தலைமைக் கோச் ஸாக் டெய்லர் மீதான குற்றப்பத்திரிகை.

"ரசிகனுக்கு என்ன தெரியும், கோச்சுக்குத் தெரியாதா" என்று ஒரு கூட்டம் எப்போதும் சொல்லும். விளையாட்டைப் பற்றி எழுதுபவர்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டம்தான். பெங்கால்ஸ் ரசிகர்களின் கோபம் நியாயமானது. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு தப்பான ஆட்கள் மேல் விழுகிறது. இந்த இரண்டையும்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

*

முதலில் நடந்ததை வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

டெய்லர் 2019இல் பொறுப்பேற்றார். முதல் சீசனில் 2 வெற்றி, 14 தோல்வி. அத்தனை மோசமாக ஆடியதற்குக் கிடைத்த பரிசு, 2020 டிராஃப்டில் முதல் இடம். டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் சடங்கு. கடந்த சீசனில் கடைசியில் கிடந்த அணிக்கு முதல் தேர்வு. பெங்கால்ஸ் எடுத்தது ஜோ பர்ரோ என்ற குவாட்டர்பேக்கை.

பர்ரோ வெளியூர்க்காரர் இல்லை. ஒஹாயோ மாநிலத்தின் ஏதன்ஸ் வட்டாரத்தில் வளர்ந்தவர். 2019 டிசம்பரில் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய மேடையில், தன் ஊர்ப்பக்கம் பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் ஏதன்ஸ் கவுண்ட்டியின் உணவு வங்கிக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அப்படிப்பட்ட பையன் தங்கள் அணிக்கே வந்தபோது சின்சினாட்டிக்காரர்களுக்கு வந்தது வெறும் விளையாட்டு சந்தோஷம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பெரிய வேலைக்குப் போன சந்தோஷம்.

அந்தப் பிள்ளையை அவர்கள் எப்படி வைத்துக்கொண்டார்கள்? முதல் சீசனில் பத்து ஆட்டம் ஆடினார். 32 தடவை பந்தோடு தரையில் சாய்க்கப்பட்டார். 2020 நவம்பர் 22 அன்று வாஷிங்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் லைன் பின்னால் தள்ளப்பட, மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் ஆட்கள் வந்து மோத, இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. சீசன் முடிந்தது.

அடுத்த வருஷம் திரும்பி வந்தார். 2021 சீசனில் 51 தடவை சாய்க்கப்பட்டார். லீகிலேயே அதுதான் அதிகம். நாக் அவுட் ஆட்டங்களில் இன்னும் 19. மொத்தம் 70. டென்னசி டைட்டன்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மட்டும் 9 தடவை. அந்த ஆட்டத்தை 19-16 என்று ஜெயித்தார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒன்பது தடவை அடிவாங்கியும் ஒருவன் ஜெயித்துக் கொடுத்தால், பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அவன் தாங்குவான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தாங்குகிறவன் தலையில்தான் எப்போதும் பாரம் ஏறும்.

2022 பிப்ரவரி 13. சூப்பர் பவுல். எதிரில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ். மறுபடியும் 7 தடவை சாய்க்கப்பட்டார் பர்ரோ. சூப்பர் பவுலில் எந்த அணியும் அதைவிட அதிகமாக எதிரணிக் குவாட்டர்பேக்கைச் சாய்த்ததில்லை. ஸ்கோர் 23-20, ராம்ஸ் முன்னிலை. கடைசி நிமிடம். நான்காவது முயற்சி, ஒரு கெஜம் போதும். பந்து பர்ரோ கைக்கு வந்த மறுகணமே ஆரன் டோனல்ட் லைனை உடைத்துக்கொண்டு வந்து அவரைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். விழுந்துகொண்டே எறிந்த பந்து எங்கோ போய் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

அப்போது களத்தின் மறுபக்கம் என்ன நடந்தது தெரியுமா? ஜமார் சேஸ் என்ற ரிசீவரைக் காவல் காத்த ஜேலன் ராம்சே தடுமாறி விழுந்துவிட்டார். சேஸ் தன்னந்தனியே ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு விநாடி கிடைத்திருந்தால் பந்து அவர் கைக்குப் போயிருக்கும். கோப்பையும் கூடவே போயிருக்கலாம். அந்த ஒரு விநாடியைத் தயாரிப்பதுதான் லைனின் வேலை. அந்த ஒரு விநாடியைத்தான் டெய்லர் கட்டத் தவறினார்.

சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்? பர்ரோ சித்திரக்காரன். சேஸ் விலை உயர்ந்த வண்ணம். சுவரை மட்டும் காணோம்.

*

சேஸ் பெயர் வந்தாலே சண்டை ஆரம்பித்துவிடும். 2021 டிராஃப்டில் ஐந்தாவது இடம் பெங்கால்ஸ் கையில் இருந்தது. பர்ரோவின் முழங்கால் கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. பெனே சூவெல் என்ற டேக்கிள் கிடைக்கக்கூடிய நிலையில் இருந்தார். அவரை விட்டுவிட்டு, பர்ரோவோடு எல்எஸ்யூவில் ஒன்றாக ஆடிய சேஸை எடுத்தார்கள். சூவெல் ஏழாவது இடத்தில் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போய், லீகின் மிகச் சிறந்த டேக்கிள்களில் ஒருவராக வளர்ந்தார்.

"பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோமே" என்று ஒரு பக்கம். "சேஸ் முதல் சீசனிலேயே 1,455 கெஜம், 13 டச்டவுன், ஆண்டின் சிறந்த புதுமுகம், 2024இல் பிடித்த பந்து, கெஜம், டச்டவுன் மூன்றிலும் லீகில் முதலிடம், இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மறுபக்கம்.

சேஸை எடுத்ததற்காக நான் சண்டை போட வரவில்லை. அவர் அசல் வைரம். பர்ரோவுக்கும் அதில் விருப்பம் இருந்ததாகத்தான் அப்போதே பேச்சு. என் சண்டை அதற்கு அடுத்த தேர்வைப் பற்றியது. முதல் சுற்றில் ரிசீவரை எடுப்பது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், லைனுக்கு ஒரு கடன் வைக்கிறீர்கள். அந்தக் கடனை இரண்டாம் சுற்றிலேயே வட்டியோடு அடைக்க வேண்டும். பெங்கால்ஸ் என்ன செய்தது? 38ஆவது இடத்தைக் கைமாற்றிவிட்டு எட்டு இடம் கீழே இறங்கி, 46இல் ஜாக்சன் கார்மனை எடுத்தது. கார்மன் கல்லூரியில் இடது டேக்கிள். இங்கே அவரைக் கார்டாக மாற்றினார்கள். கார்டாக நிலைக்கவில்லை. பிறகு டேக்கிளாக நிறுத்திப் பார்த்தார்கள். எங்கும் ஒட்டவில்லை. அதே ஆண்டு பின் சுற்றுகளில் எடுத்த வேறு இரண்டு லைன்காரர்களும் நிலைக்கவில்லை.

அதே டிராஃப்டில், அதே இரண்டாம் சுற்றில், கார்மனுக்குப் பதினேழு இடம் கழித்து, 63ஆவதாக கிரீட் ஹம்ப்ரி என்ற சென்டரை எடுத்தது கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ். ஆறாவது சுற்றில், 226ஆவது இடத்தில், ட்ரே ஸ்மித் என்ற கார்டையும் எடுத்தது. இருவரும் முதல் சீசனிலேயே நிரந்தர இடம் பிடித்தார்கள்.

"நடந்து முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாம்" என்பீர்கள். ஒரு தேர்வு தப்பினால் துரதிர்ஷ்டம் என்று நானும் விட்டுவிடுவேன். மூன்றும் தப்பினால், எடுத்தவர்களை வளர்க்கத் தெரியவில்லை என்று பொருள். ஆளை எடுப்பது மைக் பிரவுன் குடும்பமும் ஆட்டக்காரர் தேர்வுக்குப் பொறுப்பான டியூக் டோபினும் சேர்ந்த வேலை, அதற்கு டெய்லரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்த ஆளை எங்கே நிறுத்துவது, எப்படிப் பழக்குவது, அவனால் முடியாத வேலையை அவன் தலையில் கட்டாமல் எப்படி ஆட்டத்தை வகுப்பது என்பதெல்லாம் யார் வேலை? கோச் வேலைதானே?

*

சீஃப்ஸ் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர்களுக்கும் இதே வியாதி வந்தது.

2021 பிப்ரவரி சூப்பர் பவுலில் அவர்களுடைய இரண்டு டேக்கிள்களும் காயத்தில் வெளியே. பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். டாம்பா பே அணியிடம் 31-9 தோல்வி. ஆண்டி ரீட் என்ன செய்தார்? "அதான் ஃபைனல் வரைக்கும் வந்துட்டோமே" என்று உட்காரவில்லை. ஒரே கோடையில் முழு லைனையும் பெயர்த்து எடுத்துப் புதிதாகக் கட்டினார்கள். ஜோ தூனியைப் பெரிய தொகைக்குக் கொண்டுவந்தார்கள். ஒர்லாண்டோ பிரவுன் ஜூனியரை இன்னொரு அணியிடமிருந்து மாற்றி வாங்கினார்கள். டிராஃப்டில் ஹம்ப்ரியும் ஸ்மித்தும்.

பலன்? 2023 பிப்ரவரி சூப்பர் பவுலில் எதிரே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அந்த சீசனில் எதிரணிக் குவாட்டர்பேக்குகளை 70 தடவை சாய்த்திருந்த அணி. மஹோம்ஸுக்கோ கணுக்கால் சரியில்லை. அந்த ஆட்டத்தில் அவர் எத்தனை தடவை சாய்க்கப்பட்டார்? பூஜ்யம். சீஃப்ஸ் 38-35 என்று ஜெயித்தார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அதே இரு அணிகள் மறுபடி மோதின. இந்தத் தடவை இடது டேக்கிளுக்குச் சரியான ஆள் இல்லாமல், கார்டான தூனியை அங்கே நிறுத்தி ஒட்டுப்போட்டு ஆடியது சீஃப்ஸ். ஈகிள்ஸ் கூடுதல் ஆட்களை அனுப்பாமலே மஹோம்ஸை 6 தடவை சாய்த்தது. 40-22. ஆண்டி ரீட் ஆனாலும் சரி, மஹோம்ஸ் ஆனாலும் சரி, சுவரில் ஒட்டுப்போட்டால் விரிசல் விடும். லைன் என்பது ஒருமுறை கட்டி முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. வருஷா வருஷம் பூச வேண்டும்.

அந்த ஈகிள்ஸைப் பாருங்கள். 2013இல் லைன் கோச்சாக வந்தவர் ஜெஃப் ஸ்டௌட்லாண்ட். அதன் பிறகு தலைமைக் கோச்சுகள் மாறினார்கள், 2025 சீசன் வரை அவர் மாறவில்லை. 2018 டிராஃப்டின் கடைசிச் சுற்றில், 233ஆவது இடத்தில், ஜோர்டன் மைலாட்டா என்ற ஆஸ்திரேலிய ரக்பி ஆட்டக்காரர் அவர் கையில் வந்து சேர்ந்தார். வாழ்க்கையில் அமெரிக்க ஃபுட்பால் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். அவரை உட்காரவைத்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, இரண்டு வருஷம் காக்கவைத்து, பிறகு களமிறக்கினார்கள். 2025இல் சூப்பர் பவுல் ஜெயித்த அணியின் இடது டேக்கிள் அவர்தான்.

சின்சினாட்டியில் நேர் எதிர். தலைமைக் கோச் மாறவில்லை. லைன் கோச்சுகள் மாறினார்கள். 2020 சீசன் முடிந்ததும் ஜிம் டர்னரை அனுப்பினார்கள். 2024 சீசன் முடிந்ததும் ஃபிராங்க் பொல்லாக்கை அனுப்பினார்கள். மூன்றாவதாக ஸ்காட் பீட்டர்ஸ் வந்தார். வீடு ஒழுகும்போதெல்லாம் கொத்தனாரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், வரைபடம் போட்டவரை எப்போதுதான் கேள்வி கேட்பது?

*

சரி, வரைபடத்தையே கேட்போம்.

டெய்லர் கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடியவர். ராம்ஸ் அணியில் குவாட்டர்பேக் கோச்சாக இருந்துவிட்டு வந்தவர். எந்த ஆட்டம் ஆட வேண்டும் என்று களத்துக்குச் சொல்லி அனுப்புவதும் அவரேதான். எனவே "லைன்காரர்கள் சொதப்பிவிட்டார்கள், நான் என்ன செய்ய" என்று தப்பிக்க அவருக்கு வழியில்லை.

குவாட்டர்பேக் பக்கத்தில் யாரையுமே நிறுத்தாமல், ஐந்து பேரைப் பந்து பிடிக்க அனுப்பிவிட்டு, ஐந்தே பேரை மறிக்க விடுவது இந்த அணிக்குப் பிடித்த அமைப்பு. பார்க்க அழகாக இருக்கும். பர்ரோ மாதிரி வேகமாகக் கணக்குப் போடும் மூளைக்குக் களம் விரிந்து தெரியும். ஆனால் ஐந்து பேரில் ஒருவர் தோற்றாலும் கைகொடுக்க ஆள் கிடையாது. லைன் பலவீனமானது என்று உங்களுக்கே தெரியும்போது, ஒரு ஓட்டக்காரரைப் பக்கத்திலேயே நிறுத்தலாம், டைட் எண்டை ஓரத்தில் ஒட்டிவைக்கலாம், பந்தைச் சீக்கிரம் கையிலிருந்து அனுப்பலாம். கவர்ச்சி குறையும். கால் எலும்பு மிஞ்சும்.

இன்னொன்று. 2022 கோடையில் மூன்று அனுபவசாலி லைன்காரர்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள்: அலெக்ஸ் காப்பா, டெட் காராஸ், லயெல் காலின்ஸ். ரசிகர்கள் இத்தனை நாள் கத்தியது சரிதான் என்று நிர்வாகமே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஆனால் அந்தப் புது லைனை முன்பருவ ஆட்டம் ஒன்றில்கூட ஒன்றாக ஆடவிடவில்லை டெய்லர். காயம் பட்டுவிடுமோ என்ற பயம். லைன் என்பது ஐந்து பேர் ஒரே மூச்சில் நகர வேண்டிய விஷயம். பக்கத்தில் நிற்பவன் எப்போது தோளைக் கொடுப்பான், எப்போது விலகுவான் என்பது சேர்ந்து ஆடி ஆடித்தான் உடம்பில் ஏறும். பல்லக்குத் தூக்குகிறவர்கள் முதல்முதலாகச் சந்திப்பதே ஊர்வலத்தன்றைக்கு என்றால் எப்படி? சீசனின் முதல் ஆட்டத்தில் பர்ரோ 7 தடவை சாய்க்கப்பட்டார். இரண்டாவது ஆட்டத்தில் 6. இரண்டிலும் தோல்வி. 2025 ஆகஸ்டில் ஒருவழியாக முதல்நிலை ஆட்டக்காரர்களை முன்பருவத்தில் ஆடவைத்தார் டெய்லர். செய்தது நல்ல காரியம். மூன்று வருஷம் தாமதம்.

அதே 2022 சீசனின் கடைசியில் அந்த லைனில் மூன்று பேர் காயப்பட்டார்கள். பனி கொட்டிய பஃபலோ மைதானத்தில் மூன்று மாற்று ஆட்களோடு 27-10 என்று ஜெயித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு டெய்லர் வகுத்த ஆட்டம் அற்புதம். ஓட்டம், சின்னச் சின்ன வீச்சு, லைனுக்கு உதவி. அவரால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாகிறது. அடுத்த வாரம் கன்சாஸ் சிட்டியில் பர்ரோ 5 தடவை சாய்க்கப்பட்டார். சமநிலையில் இருந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கிறிஸ் ஜோன்ஸ் வந்து சாய்த்தது ஐந்தாவது. பெங்கால்ஸ் பந்தை உதைத்து அனுப்ப வேண்டிவந்தது. சீஃப்ஸ் திரும்ப வந்து 23-20 என்று முடித்தார்கள்.

*

எதிர்க்கட்சி வாதங்களையும் கேட்டுவிடுவோம்.

"குவாட்டர்பேக்கே பந்தை ரொம்ப நேரம் வைத்துக்கொள்கிறார்." உண்மைதான். பர்ரோ பெரிய வீச்சுக்காகக் காத்திருப்பார். சில அடிகள் அவரே கேட்டு வாங்கியவை. ஆனால் அப்படிக் காத்திருக்க முடிகிற ஆள் வேண்டும் என்றுதானே முதல் இடத்தில் எடுத்தீர்கள்? இப்போது அதையே குறையாகச் சொன்னால் எப்படி?

"எல்லாக் காயத்துக்கும் லைனைக் குற்றம் சொல்ல முடியாது." இதையும் ஒப்புக்கொள்கிறேன். 2023 நவம்பரில் பால்டிமோரில் பர்ரோவின் வலது மணிக்கட்டு போனதை முழுக்க லைன் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் அடி என்பது உண்டியல் காசு மாதிரி. எந்தக் காசில் உண்டியல் உடைந்தது என்று தேடுவதில் அர்த்தமில்லை. 2025 செப்டம்பர் 14 அன்று ஜாக்சன்வில் அணிக்கு எதிராகச் சாய்க்கப்பட்டபோது இடது கால் பெருவிரல் போனது. அறுவை சிகிச்சை. நவம்பர் கடைசிவரை ஆடவில்லை.

"2024இல் அணி தோற்றதற்குத் தடுப்பாட்டம்தான் காரணம், லைன் இல்லை." அந்த வருஷம் பர்ரோ 4,918 கெஜம், 43 டச்டவுன் எறிந்து லீகில் முதலிடம். அப்படியும் 9-8, நாக் அவுட்டுக்குப் போகவில்லை. தடுப்பாட்டம் மோசம்தான். ஆனால் அதே வருஷம் பர்ரோ 48 தடவை சாய்க்கப்பட்டார். ஒரு கூரை ஒழுகுவதால் இன்னொரு சுவர் உறுதியாகிவிடாது.

"காசு வேண்டாமா? சம்பள உச்சவரம்பு இருக்கிறதே." அங்கேதான் பிடிக்கிறேன். 2023இல் பர்ரோவுக்கு ஐந்து வருஷத்துக்கு 275 மில்லியன் டாலர். 2025 மார்ச்சில் சேஸுக்கு நான்கு வருஷத்துக்கு 161 மில்லியன், டீ ஹிக்கின்ஸுக்கு 115 மில்லியன். மூவரும் அந்தக் காசுக்குத் தகுதியானவர்கள். டேக்கிள்களுக்கும் செலவு செய்தார்கள்: 2023இல் ஒர்லாண்டோ பிரவுன் ஜூனியர், 2024 முதல் சுற்றில் அமேரியஸ் மிம்ஸ். அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் 2025இல் உள்ளே நிற்கும் இரண்டு கார்டு இடங்களுக்கு? ஒரு வருஷ ஒப்பந்தத்தில் ஒருவர், மூன்றாம் சுற்றுப் புதுமுகம் ஒருவர், ஆகஸ்ட் கடைசியில் அவசரமாகப் பிடித்துவந்த இன்னொருவர். பட்டுப்புடவைக்கு லட்சக்கணக்கில் செலவு. பீரோவுக்குப் பூட்டு வாங்கக் காசில்லை.

*

இனி ரசிகர்களிடம் ஒரு வார்த்தை.

கார்டு ஒருவர் தோற்ற அந்த ஒரு காட்சியை வெட்டி எடுத்து, அவர் பெயரைப் போட்டு, அவர் குடும்பம்வரை இழுத்து ஏசுகிறீர்களே, அது வேண்டாம். நாலாவது சுற்றில் எடுக்கப்பட்ட ஒரு பையனை ஆரன் டோனல்டுக்கோ கிறிஸ் ஜோன்ஸுக்கோ எதிரே தனியாக நிறுத்தியது அவன் முடிவா? டேக்கிளாக வளர்ந்தவனைக் கார்டாக மாற்றியது அவன் கேட்டதா? அவன் தோற்றான், சரி. தோற்கிற இடத்தில் அவனை நிறுத்தியவர் களத்துக்கு வெளியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர் சந்திப்பில் நிதானமாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறார். கோபம் மேல்நோக்கிப் போக வேண்டும். கீழே அடிப்பது சுலபம். அங்கே திருப்பி அடிக்க ஆள் இல்லை. அலுவலகத்தில் மேனேஜர் போட்ட தப்பான திட்டத்துக்குக் கடைசி வரிசை ஊழியரைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் நமக்கு எரிச்சல் வருகிறதல்லவா? அதே நியாயம்தான் இங்கேயும்.

இந்தக் கோபம் ஏன் தேவை என்றும் சொல்லிவிடுகிறேன். சின்சினாட்டியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் இண்டியானாபோலிஸ். அங்கே ஆண்ட்ரூ லக் என்று ஒரு குவாட்டர்பேக் இருந்தார். அவரும் டிராஃப்டின் முதல் தேர்வு, 2012இல். அவருக்கும் வருஷக்கணக்கில் சுவர் இல்லை. சிறுநீரகம் கிழிந்தது. தோள் போனது. 2017 சீசன் முழுக்க ஆடவில்லை. கடைசியில் 2018இல் அணிக்குப் புத்தி வந்து, குவெண்டன் நெல்சன் என்ற கார்டை ஆறாவது இடத்தில் எடுத்தது. அந்த சீசனில் லக் வெறும் 18 தடவைதான் சாய்க்கப்பட்டார். பிரமாதமாக ஆடினார். ஆனால் உடம்பு ஏற்கெனவே கணக்கை முடித்துவிட்டிருந்தது. 2019 ஆகஸ்ட் 24 அன்று, 29 வயதில், ஓய்வை அறிவித்தார். அந்தச் செய்தி பரவியபோது மைதானத்தில் இருந்த சொந்த ரசிகர்களே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். அந்தக் கூச்சலை அவர்கள் ஐந்து வருஷம் முன்பே போட்டிருக்க வேண்டும். கோச்சைப் பார்த்து, நிர்வாகத்தைப் பார்த்து, "இந்தப் பையனைக் காப்பாத்துங்கய்யா" என்று போட்டிருக்க வேண்டும். அப்போது போட வேண்டிய கூச்சல், தாமதமாக, அடிபட்டவன் மேலேயே விழுந்தது. பெங்கால்ஸ் ரசிகர்கள் இன்று கத்துவது தொல்லை என்று யாராவது சொன்னால் அந்த ஆகஸ்ட் இரவை நினைவுபடுத்துங்கள்.

இதில் பெரிய வேடிக்கை, லைனின் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத அணி இது. பெங்கால்ஸ் சரித்திரத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் எந்தக் குவாட்டர்பேக் பெயரையும் சொல்ல மாட்டார்கள். ஆண்டனி முன்யோஸ் என்பார்கள். இடது டேக்கிள். 1980 டிராஃப்டில் மூன்றாவது இடம். கல்லூரியில் முழங்கால் காயங்களோடு ஆடியவரை, துணிந்து எடுத்தார்கள். பதிமூன்று சீசன் அந்தச் சுவரைத் தாங்கினார். 1998இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். 2022க்கு முன்பு இந்த அணி எட்டிய இரண்டு சூப்பர் பவுலிலும் அவர் நின்றார். அணியை உருவாக்கிய பால் பிரவுனின் காலத்தில் எடுத்த முடிவு அது. இன்றைய உரிமையாளர் மைக் பிரவுன் அவருடைய மகன். பாடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எனவே கோச், கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த டிராஃப்டில் கார்டு ஒருவரை முன்வரிசையில் எடுங்கள். எடுத்தவரை அவர் இடத்திலேயே விட்டு வளருங்கள். ஐந்து பேரையும் ஆகஸ்டிலேயே சேர்த்து ஆடவிடுங்கள். மூன்றாவது கொத்தனாரையாவது நிம்மதியாக வேலை செய்ய விடுங்கள். லைன் திணறும் நாளில் பர்ரோ பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

அதுவரை ரசிகர்கள் கத்திக்கொண்டேதான் இருப்பார்கள். கத்தட்டும். அந்த ஐவரின் பெயரை அவர்கள் மறக்கிற அளவுக்கு ஒரு லைனைக் கட்டிக் காட்டுங்கள், தானாக அடங்கிவிடுவார்கள்.